இந்த மே மாதம் பள்ளிகளைத் திறந்து வைக்கலாமா?

புளியந்தோப்பு அம்மா | 2023 ஏப்ரல் 22

எல்லோருக்கும் வணக்கம். என் மகன் மாநகராட்சிப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடிக்கிறான். ஜூனில் ஒன்பது. அவன் நோட்டைத் திறந்து பார்த்தால் யாரும் குறை சொல்ல மாட்டீர்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், ஒரு பிழை இருக்காது. எல்லாம் போர்டைப் பார்த்து எழுதியது. அதே பக்கத்தை வாசிக்கச் சொன்னால் தனி எழுத்துகளைச் சொல்வான். கொம்பும் காலும் சேர்ந்து வந்தால் நின்றுவிடுவான். அவன் கையால் எழுதியதை அவனாலேயே படிக்க முடியவில்லை.

2020 மார்ச்சில் பள்ளியை மூடியபோது அவன் ஐந்தாம் வகுப்பு. அப்போது தட்டுத் தடுமாறியாவது வாசித்தான். திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. ஆறாம் வகுப்பு என்று ஒன்று அவனுக்கு நடக்கவே இல்லை. ஏழாம் வகுப்பில் பள்ளி திறந்த கையோடு மழை லீவு, அப்புறம் ஜனவரியில் ஒமிக்ரான், பிப்ரவரியில்தான் மறுபடி போனான். வீட்டில் இருந்தது ஒரே போன். அதை அவன் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். டிவியில் பாடம் போட்டார்கள், பார்த்தான். டிவி இவனிடம் திருப்பிக் கேள்வி கேட்காதே.

நான் கேட்பது இதுதான். மே மாதம் காலை எட்டு மணி முதல் பத்தரை வரை பள்ளியைத் திறந்து வையுங்கள். எல்லோருக்கும் வேண்டாம், வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு மட்டும். பாடப்புத்தகம், பரீட்சை எதுவும் வேண்டாம். வாசிப்பு, கூட்டல் கழித்தல், அவ்வளவுதான். விருப்பம் இருப்பவர்கள் வரட்டும். வருகிறவர்களுக்குச் சாப்பாடும் போடட்டும்.

சென்னையில் நவம்பரில் மழைக்கு லீவு விட்டால், அதை ஈடுகட்டச் சனிக்கிழமை பள்ளி வைக்கிறார்கள். நான்கு நாள் லீவுக்கு ஈடு உண்டு. பத்தொன்பது மாதத்துக்கு ஈடு எங்கே?

---

வேளச்சேரி அப்பா

முழுமையாக எதிர்க்கிறேன். உங்கள் மகனின் கஷ்டம் புரிகிறது, அதில் இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் நீங்கள் திறக்கச் சொல்லும் கதவு வழியாக யார் யார் நுழைவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

என் மகள் படிப்பது தனியார் பள்ளி. ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை முடிவதற்கு முன்பே வாட்ஸாப்பில் செய்தி வந்துவிட்டது: மே மாதம் முழுக்க பத்தாம் வகுப்புப் பாடம் நடத்துவார்களாம், வருகை கட்டாயமாம், தனிக் கட்டணமாம். கோடையில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது என்று கல்வித் துறை ஆண்டுதோறும் சுற்றறிக்கை அனுப்புகிறது. அதையே இவர்கள் மதிப்பதில்லை. அரசே மே மாதம் பள்ளியைத் திறந்தால், நாளைக்கு எந்தத் தைரியத்தில் நான் போய் ஆட்சேபிப்பது? "அரசுப் பள்ளியே நடக்கிறது, உங்களுக்கு மட்டும் என்ன?" என்றுதான் கேட்பார்கள்.

அப்புறம் இன்னொன்று. அந்த இரண்டு வருடத்தில் பிள்ளைகள் இழந்தது படிப்பை மட்டுமா? என் மகள் அடுக்குமாடி வீட்டில் காலை எட்டு முதல் மதியம் ஒரு மணி வரை போன் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே விளையாடப் போக முடியாது, ஊருக்குப் போக முடியாது, தாத்தா இறந்தபோதுகூட நாங்கள் இருவர் மட்டும்தான் போனோம். அவளுக்கு மே மாதம் என்றால் தஞ்சாவூர்ப் பக்கம் பாட்டி வீடு. அதையும் பிடுங்கிக்கொண்டு என்ன கல்வி கொடுக்கப் போகிறோம்?

---

புளியந்தோப்பு அம்மா

சார், உங்கள் மகள் பாட்டி வீட்டுக்குப் போகட்டும். அவளை யாரும் கூப்பிடவில்லையே! நான் கேட்பது வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு. உங்கள் பள்ளி சட்டத்தை மீறினால் அதற்குப் புகார் கொடுக்க வேண்டும். அதைக் காரணம் காட்டி எங்கள் பள்ளிக்குப் பூட்டுப் போடச் சொல்வது எப்படி நியாயம்?

எங்கள் தெருவில் மே மாதம் எப்படிப் போகும் என்றும் சொல்கிறேன். பெரியவர்கள் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவோம். வீடு ஒற்றை அறை, மேலே தகரம். பிள்ளைகள் நாள் முழுக்கத் தெருவில்தான். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்களை மெக்கானிக் ஷெட்டில் விடுவார்கள், இல்லையென்றால் கல்யாண மண்டபத்தில் பரிமாற அனுப்புவார்கள். கையில் காசு பார்த்த பையன்களில் சிலர் ஜூனில் பள்ளிக்குத் திரும்புவதில்லை. என் சின்ன மகள் மூன்றாம் வகுப்பு. போன செப்டம்பரில் இருந்து பள்ளியில் காலை உணவும் சாப்பிடுகிறாள், மதியமும் சாப்பிடுகிறாள். விடுமுறை வந்தால் இரண்டும் நின்றுவிடும்.

---

சாக்பீஸ்

வடசென்னையில் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை நான். எதிர்ப்பக்கம்தான் பேசப் போகிறேன், கொஞ்சம் நீளமாக. "டீச்சர்களுக்கு லீவு போய்விடுமே என்ற கவலை" என்று யாராவது சொல்வதற்கு முன்னால் அதையே முதலில் பேசிவிடுகிறேன். கோடை விடுமுறை இருப்பதால் மற்ற அரசு ஊழியர்களுக்குக் கிடைக்கும் ஈட்டிய விடுப்பு எங்களுக்கு முழுதாகக் கிடையாது. ஏப்ரல் கடைசியில் விடைத்தாள் திருத்தும் பணி, நடுவில் பயிற்சி, எமிஸ் என்ற கல்வித் துறைக் கணினிப் பதிவில் ஏற்ற வேண்டிய விவரங்கள். இவையெல்லாம் போக மிச்சம் இருப்பதுதான் விடுமுறை. அதைக் காப்பாற்றிக்கொள்ள நினைப்பது குற்றம் இல்லை.

ஆனால் நான் எதிர்ப்பதற்கு முக்கியக் காரணம் அது கிடையாது. நாள் போதவில்லை என்பதா பிரச்சினை? உங்கள் மகன் பிப்ரவரி 2022 முதல் இன்று வரை ஓராண்டுக்கு மேல் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான், அம்மா. ஏன் வாசிக்க வரவில்லை? ஏழாம் வகுப்பு அறிவியலையும் எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலையும் நாங்கள் அவன் முன்னால் நடத்திக்கொண்டிருந்தோம். அவனுக்குத் தேவைப்பட்டது இரண்டாம் வகுப்புத் தமிழ். அதற்கு எங்கள் கால அட்டவணையில் இடம் இல்லை. இந்த அமைப்பு அப்படியே இருக்கும்போது மே மாதத்தைச் சேர்த்தால், புரியாமல் உட்காரும் நாட்களோடு இன்னும் இருபது நாள் கூடும்.

2005 அக்டோபரில் பாகிஸ்தானின் வடபகுதியில் பெரிய நிலநடுக்கம் வந்தது. பள்ளிகள் மூடியிருந்தது சராசரியாகப் பதினான்கு வாரம் போல. நான்கு வருடம் கழித்து ஆய்வாளர்கள் போய்ச் சோதித்தபோது, நிலநடுக்கப் பகுதிக்கு அருகில் இருந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட ஒன்றரை வருடம் பின்தங்கியிருந்தார்கள். பதினான்கு வார இடைவெளி எப்படி ஒன்றரை வருடம் ஆனது? பள்ளி திறந்த பிறகும் ஆசிரியர்கள் அந்தந்த வகுப்புப் பாடத்தையே நடத்தியிருக்க வேண்டும், பிள்ளைகள் அதைப் பிடிக்க முடியாமல் ஒவ்வொரு வருடமும் இன்னும் கொஞ்சம் பின்னால் போயிருக்க வேண்டும் என்பதுதான் ஆய்வாளர்கள் சொன்ன ஒரு விளக்கம். என் வகுப்பில் நான் தினமும் பார்ப்பதும் அதைத்தான்.

நம் ஊர் அனுபவமும் இருக்கிறது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ என்ற ஆய்வாளர்கள் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைப் பள்ளி மூடுவதற்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். 2021 டிசம்பரில் இழப்பு மிகப் பெரியது, மொழியைவிடக் கணக்கில் அதிகம். ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு, தன்னார்வலர்கள் மாலையில் வகுப்பு நடத்தும் அரசுத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. இதற்காக யாரும் கோடை விடுமுறையில் பள்ளியைத் திறக்கவில்லை. சாயங்கால வகுப்பும் வழக்கமான பள்ளி நாளும்தான் செய்தன.

---

மாலை வகுப்பு

பெரும்பாக்கம் குடியிருப்பில் இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலராக இருக்கிறேன். எங்கள் பேச்சு வந்ததால் நானும் சொல்கிறேன். டீச்சர் சொன்ன கால் பங்கு சும்மா வந்துவிடவில்லை. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. மாநிலம் முழுக்க இரண்டு லட்சம் பேர் போல, பெரும்பாலும் என்னைப் போன்ற பெண்கள். மாலை ஐந்து முதல் ஏழு வரை மாடி வராந்தாவில் பாய் விரித்து நடத்துகிறேன். லிப்ட் வேலை செய்யாத நாளில் சின்னப் பிள்ளைகள் படி ஏறி வருவார்கள்.

புளியந்தோப்பு அக்கா, உங்கள் மகன் மாதிரிப் பிள்ளைகள் என்னிடம் இருக்கிறார்கள். நான் அவர்களுக்கு அ, ஆ-வில் இருந்து வரிசையாகத் தொடங்குவதில்லை. எழுத்து தெரியும், கொம்பும் காலும்தான் குழப்பம். க, ப, ம, த, ட என்று ஐந்து எழுத்தை எடுத்துக்கொண்டு முதல் வாரம் துணைக்கால் மட்டும். கா, பா, மா, தா, டா. அதிலேயே பாட்டா, மாமா, தாத்தா என்று வார்த்தை கட்டுவோம். அடுத்து ஒற்றைக்கொம்பு, அப்புறம் இரட்டைக்கொம்பு. கொம்பும் காலும் இரண்டு பக்கமும் வருகிற 'கொ', 'கோ' கடைசியில். பயிற்சிக்குப் பாடப்புத்தகத்தை எடுக்க மாட்டேன். ரேஷன் அட்டை, கடைப் பெயர்ப்பலகை, பஸ் முன்னால் இருக்கும் ஊர்ப் பெயர், இவைதான். ஒரு பையன் பேருந்து நிறுத்தத்தில் 'சோழிங்கநல்லூர்' என்று முழுதாக வாசித்துவிட்டு என்னிடம் ஓடி வந்தான். அவனுக்குப் பதின்மூன்று வயது.

ஆகவே மே மாதம் வகுப்பு வேண்டும் என்பதில் நான் அக்கா பக்கம். ஆனால் பள்ளிக்கூடத்தில் வேண்டாம். மீசை அரும்பும் பையன், மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பள்ளியில் உட்கார மாட்டான். "இவனுக்குப் படிக்கத் தெரியாது" என்று ஊருக்கே அறிவித்த மாதிரி ஆகிவிடும். என் வராந்தாவுக்கு வருகிறான் என்றால், இங்கே எல்லா வயதும் கலந்து உட்கார்ந்திருக்கிறது, அதனால்தான்.

---

வேளச்சேரி அப்பா

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். தன்னார்வலர்கள் செய்வதை விரிவாக்குங்கள், யாரும் எதிர்க்கப் போவதில்லை. பள்ளியைத் திறப்பது வேறு விஷயம்.

வெயிலைப் பற்றி யாருமே பேசவில்லை. மே 4 முதல் கிட்டத்தட்ட மாதக் கடைசி வரை கத்திரி. பத்தரைக்கு விட்டால் பிள்ளை வீடு போய்ச் சேரப் பதினொன்று. சென்னையில் கடல் காற்று உள்ளே வருவதற்கு முந்தைய அந்த நேரம்தான் கொடுமை. காற்று தாமதமான நாளில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த நேரத்தில் ஆறு வயதுக் குழந்தையைத் தெருவில் நடக்க விடச் சொல்கிறீர்களா?

---

புளியந்தோப்பு அம்மா

பள்ளி எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு, சார். பள்ளிக்கு வராத பிள்ளை அந்த வெயிலில் எங்கே இருக்கும் என்றுதான் முன்பே எழுதினேன். தகரக் கூரைக்குக் கீழே இருப்பதைவிட மின்விசிறி சுற்றும் வகுப்பறை மேல். வேண்டுமானால் ஏழரைக்குத் தொடங்கி பத்து மணிக்கு விடட்டும்.

டீச்சர், நீங்கள் சொன்ன ஆய்வைப் பற்றி ஒரு கேள்வி. அதில் இருந்தது தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகள்தானே? அவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது, சந்தோஷம். மீதி ஒரு பங்கு யாரிடம் தங்கிவிட்டது? சராசரி என்றால் நன்றாகத் தேறியவனும் தேறாதவனும் சேர்ந்ததுதானே. என் மகன் வயதுப் பிள்ளைகளை யார் சோதித்தார்கள்?

இன்னும் ஒன்று பாருங்கள். அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லித்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் போன ஜூனில் தொடங்கியது, ஒன்று முதல் மூன்று வகுப்புக்கு. இந்த ஜூனில் நான்கு, ஐந்துக்கும் வருகிறது என்கிறார்கள். நல்லது. இல்லம் தேடிக் கல்வி எட்டாம் வகுப்பு வரை. என் மகன் ஜூனில் ஒன்பது. ஒரு திட்டம் அவனுக்குக் கீழே நின்றுவிட்டது, இன்னொன்று அவன் தாண்டியதும் நின்றுவிடும். எட்டு வரை எல்லோரும் பாஸ். ஒன்பதில் இருந்து நிறுத்துவார்கள். அவனுக்கு மிச்சம் இருப்பது இந்த மே மாதம் ஒன்றுதான்.

---

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

சகோதரி எழுதியதைச் சட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒன்று முதல் ஐந்து வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம். ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1,000 மணி நேரம். 2020-21 கல்வி ஆண்டில் இந்த வகுப்புகளுக்கு வகுப்பறையில் ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. அரசு கொடுக்க வேண்டிய கடன் அது. நோய்க் காலத்தில் மூடியது சரியான முடிவுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கடன் கடன்தான். அரசுப் பள்ளிக் கட்டடம், மின்சாரம், சத்துணவுக் கூடம் எல்லாம் மே மாதம் சும்மா கிடக்கும்போது கொடுக்க முடியாது என்று சொல்ல முடியாது.

---

சாக்பீஸ்

ஐயா, நீங்கள் சொன்ன மணிக் கணக்கிலேயே பேசுவோம். மே மாதம் இருபது நாள், தினம் இரண்டரை மணி நேரம். மொத்தம் 50 மணி நேரம். இழந்தது ஒரு வருடத்துக்கே 1,000 மணி. இருபதில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டுக் கடனை அடைத்துவிட்டோம் என்று அரசு அறிக்கை விடும். அதுதான் என் பயம். அதற்குப் பிறகு ஜூனில் யாரும் இந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். "சிறப்பு முகாம் நடத்தியாகிவிட்டது" என்று எமிஸில் ஒரு பச்சை நிறக் குறி விழும்.

விருப்பம் இருப்பவர்கள் வரட்டும் என்கிறீர்கள் அம்மா. உங்களைப் போலக் கவலைப்படும் பெற்றோர் அனுப்புவார்கள். மெக்கானிக் ஷெட்டுக்குப் போகிற பையன் வருவானா? எனக்குத் தெரிந்த பெண் பிள்ளைகள் மே மாதம் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பார்கள், அவர்கள் வருவார்களா? ஜூன் முதல் ஏப்ரல் வரை வருகைப் பதிவேட்டில் எல்லோரும் கையில் இருக்கிறார்கள். கையில் இருக்கும் பத்து மாதத்தை விட்டுவிட்டு, யார் வருவார் என்றே தெரியாத ஒரு மாதத்தை ஏன் பிடிக்க வேண்டும்?

---

மாலை வகுப்பு

டீச்சர், 50 மணி நேரத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 1,000 மணி நேரப் பாடத்தை முழுக்க அதில் திருப்பிக் கொடுக்க முடியாதுதான். ஆனால் எழுத்து ஏற்கனவே தெரிந்த, கொம்பு காலில் மட்டும் தடுமாறுகிற பையனுக்கு வாசிப்பைத் திறந்து விட 50 மணி நேரம் தாராளம். எட்டாம் வகுப்பு அறிவியலை அதற்குள் முடிக்க முடியாது. எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனே வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவர முடியும். அதற்குப் பிறகுதான் நீங்கள் நடத்தும் பாடமே அவன் காதில் விழும்.

---

காசிமேடு பையன்

நான் இந்த மார்ச்சில் பிளஸ் டூ எழுதினேன். நான் பேசலாமா என்று தெரியவில்லை, ஆனால் இங்கே எல்லோரும் எங்களைப் பற்றித்தான் பேசுகிறீர்கள்.

2021 பிப்ரவரியில் ஒன்பது, பத்து, பதினொன்று எல்லோரும் பாஸ் என்று அறிவித்தபோது நான் பத்தாம் வகுப்பு. தெருவில் வெடி வெடித்தோம். அப்புறம் செப்டம்பரில் பதினொன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தால் கணக்குப் பாடத்தில் சார் என்ன பேசுகிறார் என்றே தெரியவில்லை. பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தில் பாதியை நாங்கள் பார்த்ததே இல்லை. 2022 மே மாதம் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு. நண்பர்கள் மூன்று நான்கு பேர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். ஒருவன் அப்பாவோடு படகுக்குப் போய்விட்டான். இன்னொருவன் சோறு கொண்டு போய்க் கொடுக்கும் வேலையில் பைக்கில் சுற்றுகிறான்.

இந்த மார்ச் 13ஆம் தேதி தமிழ் பரீட்சைக்குச் சுமார் 50,000 பேர் வரவில்லை என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். பதிவு செய்தவர்கள் 8 லட்சத்துக்கும் மேல். தமிழ் பரீட்சை! அதற்குப் பயந்தா வராமல் இருப்பார்கள்? எப்போதோ பள்ளியை விட்டுப் போனவர்களின் பெயர் பட்டியலில் மட்டும் இருந்தது. அவர்கள் எல்லோரும் எங்கள் செட்டு.

2021 மே மாதம் கொரோனா இரண்டாவது அலை, அப்போது திறந்திருக்க முடியாது. 2022 மே, ஜூனில் பரீட்சை முடிந்த பிறகு எங்களைக் கூப்பிட்டு "பத்தாம் வகுப்புக் கணக்கை முதலில் இருந்து பார்ப்போம்" என்று யாராவது சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன். படகுக்குப் போனவனும் வந்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன். டீச்சர் சொல்வது போல யார் வருவார் என்று தெரியாதுதான். ஆனால் யாரும் கூப்பிடவே இல்லையே.

---

வேளச்சேரி அப்பா

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவியிடமும் காட்டினேன். ரிசல்ட் நல்லபடியாக வரட்டும்.

என் எதிர்ப்பு மாறவில்லை, ஆனால் எதற்கு எதிர்ப்பு என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பாடம் நடத்துவதற்காகப் பள்ளியைத் திறக்கும் எந்த உத்தரவும், அரசுப் பள்ளிக்கு மட்டும் என்று போட்டாலும், தனியார் பள்ளிக்கு வசதியாகத்தான் முடியும். உத்தரவு போடுவதாக இருந்தால் அதில் இரண்டு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: அடுத்த வகுப்புப் பாடம் ஒரு பக்கம்கூட நடத்தக் கூடாது, ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அந்த இரண்டு வரி இல்லாத உத்தரவை நான் எந்த மேடையிலும் எதிர்ப்பேன்.

---

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

அந்த இரண்டு வரியும் நியாயமானவை. நான் ஏற்கிறேன்.

---

சாக்பீஸ்

காசிமேடு தம்பி, உன் நண்பர்களைப் பள்ளி கூப்பிட்டிருக்க வேண்டும். அதில் வாதமே இல்லை. ஆனால் மே மாதம் கூப்பிட்டிருக்க வேண்டும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். செப்டம்பரில், நீ பதினொன்றாம் வகுப்புக்கு வந்த முதல் நாளே கூப்பிட்டிருக்க வேண்டும். முதல் இரண்டு மாதம் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்கு நடத்தச் சொல்லி எங்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. போர்ஷன் முடித்தாயா என்று மட்டும்தான் கேட்டார்கள்.

கிராமத்துப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதித்துப் பார்க்கும் ஏசர் அறிக்கை ஜனவரியில் வந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில், இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 2018இல் சுமார் 40 சதவீதம், 2022இல் சுமார் 25. கொரோனாவுக்கு முன்னாலேயே பாதிக்கு மேல் வாசிக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அப்போது பள்ளி முழு வருடமும் திறந்துதான் இருந்தது. பள்ளி திறந்திருப்பதால் மட்டும் பிள்ளை வாசித்துவிடாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நான் கேட்பது வேறு. ஜூனில் இருந்து ஆறு முதல் ஒன்பது வரை தினமும் முதல் இரண்டு பீரியடை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வகுப்பு வாரியாக உட்கார வேண்டாம், வாசிக்கும் நிலை வாரியாகப் பிரித்து உட்கார வையுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பிரிந்து போவதால் பெரும்பாக்கம் தங்கை சொன்ன வெட்கமும் குறையும். பாடத்தில் அந்த அளவுக்குக் குறையுங்கள். கொரோனா ஆண்டில் பாடத்திட்டத்தைக் குறைத்தார்களே, வானம் இடிந்து விழவில்லையே. பத்து மாதம் அப்படி நடத்தினால் 50 மணி நேரம் எங்கே, 200 மணி நேரத்துக்கும் மேல் எங்கே!

---

புளியந்தோப்பு அம்மா

டீச்சர், நீங்கள் சொல்வது நடந்தால் முதல் ஆளாகக் கை தட்டுவேன். ஆனால் அது அரசிடம் இருந்து உத்தரவாக வர வேண்டும், பாடத்தைக் குறைக்க வேண்டும், கால அட்டவணையை மாற்ற வேண்டும். எப்போது வரும்? ஒன்பதாம் வகுப்பில் பாடத்தைக் குறைக்க யார் சம்மதிப்பார்கள், அடுத்த வருடம் பொதுத்தேர்வு என்று சொல்ல மாட்டார்களா? நான் கேட்பதற்குப் பள்ளிச் சாவியும் இரண்டு பேரும் போதும்.

போன வருடம் பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்தார்களே, எங்கள் பள்ளியில் நானும் அதில் உறுப்பினர். வெள்ளிக்கிழமை கூட்டம். இதைத் தீர்மானமாகக் கொண்டு வரப் போகிறேன்: மே 2 முதல் 26 வரை, வேலை நாட்களில், காலை ஏழரை முதல் பத்து, வாசிப்பும் கணக்கும் மட்டும், அடுத்த வகுப்புப் பாடம் கிடையாது, கட்டணம் கிடையாது. எந்த டீச்சரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். பக்கத்துத் தெருவில் இருக்கும் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர் இரண்டு பேரிடம் பேசியிருக்கிறேன், வரச் சம்மதம். சாப்பாட்டுக்கு மாநகராட்சியிடம் தனியாக மனு. பையன்கள் வெட்கப்படுவார்கள் என்றால் பள்ளி வாசலில் எந்தப் பலகையும் வைக்காமல் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அண்ணன்கள் வருகிறார்கள் என்று கூப்பிடுவேன். சொல்லிக்கொடுக்க வருகிறவனும் படித்துக்கொள்வான்.

---

மாலை வகுப்பு

அக்கா, கடைசியில் சொன்னது நல்ல வழி, நானும் அப்படிச் செய்து பார்க்கிறேன். துணைக்கால், கொம்பு வரிசைப்படி நான் தயாரித்த வார்த்தை அட்டைகள் இருக்கின்றன. போட்டோ எடுத்து அனுப்புகிறேன். உங்கள் தன்னார்வலர்களிடம் கொடுங்கள்.

---

சாக்பீஸ்

தீர்மானம் போடுங்கள் அம்மா. எங்கள் பள்ளியில் அதே தீர்மானம் வந்தால் நான் எதிர்த்துத்தான் பேசுவேன். தன்னார்வலர்களை வைத்துப் பள்ளியை நடத்திவிடலாம் என்று ஒருமுறை அரசுக்குத் தோன்றிவிட்டால் காலியாக இருக்கும் ஆசிரியர் இடங்களை நிரப்ப மாட்டார்கள். அது உங்கள் மகனைவிட உங்கள் சின்ன மகளைத்தான் அதிகம் பாதிக்கும்.

அதே தீர்மானத்தில் இரண்டாவது பத்தியாக ஜூன் முதல் தினம் இரண்டு பீரியட் வேண்டும் என்பதையும் சேர்க்க முடியுமா? சேர்த்தால் அந்தப் பத்திக்கு என் கையெழுத்து உண்டு.

---

புளியந்தோப்பு அம்மா

சேர்க்கிறேன் டீச்சர். ஆனால் முதல் பத்தி முதல் பத்தியாகவே இருக்கும்.